எப்படிப் போட்டே? வகுப்பில் பேச வைத்தே மனக்கணக்கு சொல்லித்தர ஒரு முழு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பில் 100-லிருந்து 98 போனால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகளின் ஆள்காட்டி விரல் காற்றில் எழுத ஆரம்பிக்கும். மேலே 100, கீழே 98, பூஜ்யத்திலிருந்து 8 போகாது, பக்கத்தில் கடன் கேட்டால் அங்கேயும் பூஜ்யம். கடைசியில் 12 என்றோ 198 என்றோ ஏதோ ஒன்று வரும். அதே பிள்ளையிடம் 100 ரூபாய் கொடுத்து 98 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவரச் சொன்னால், 2 ரூபாய் மீதி வாங்காமல் வீடு திரும்பாது. கணக்கு அதற்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்தக் கணக்கை எடுக்கக்கூடாது என்று மட்டும் எப்படியோ புரிந்துவைத்திருக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. பிரேசிலில் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் பார்த்த ஐந்து சிறுவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1985-ல் வெளிவந்தது. ஒரு தேங்காய் 35 குரூசெய்ரோ (பிரேசிலின் அன்றைய பணம்), 10 காய் எவ்வளவு என்று ஒரு பையனிடம் கேட்டார்கள். 35-க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டால் முடிந்தது என்பது பள்ளி வழி. அவன் அப்படிப் போகவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் மூன்று 315, மிச்சம் ஒன்று, ஆக 350. தெருவில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன அந்தச் சிறுவர்கள், அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சுமார் 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். 2025-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ என்ற பொருளாதார அறிஞர்கள் உள்ளிட்ட ஒரு குழு நேச்சர் அறிவியல் இதழில் எழுதிய ஆய்வும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வியாபாரக் கணக்கை மனதில் பிரமாதமாகப் போடுகிறார்கள், பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறுகிறார்கள். பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு நிலைமை தலைகீழ்.

இந்த இரண்டு கணக்கையும் ஒரே வகுப்பறையில் சந்திக்க வைக்க ஒரு வழி உண்டு. தினமும் 10 நிமிடம், பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கு, நோட்டும் பென்சிலும் இல்லாமல், பேசிப் பேசியே போடுவது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கேத்தி ரிச்சர்ட்சன், ரூத் பார்க்கர் என்ற இரண்டு கணிதக் கல்வியாளர்கள் இதை ‘நம்பர் டாக்’ என்ற பெயரில் வளர்த்தெடுத்தார்கள். நாம் எண் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்தே நம்மிடம் வாய்க்கணக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே எண்சுவடியை ஒப்பித்தால் போதும், கேட்ட மாத்திரத்தில் விடை வந்தால் போதும். இங்கே விடை வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

ஆசிரியருக்கு இதில் இரண்டு வேலை. முந்தைய நாளே எண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஒன்று. வகுப்பில் வாயை அடக்கிக்கொண்டு, பிள்ளை சொல்வதைச் சொன்னபடி பலகையில் எழுதுவது இன்னொன்று. முதலாவது பழகிவிடும். இரண்டாவதுதான் கஷ்டம், அதிலும் பத்து இருபது வருடம் பாடம் நடத்தியவர்களுக்கு.

தொடங்கும் முன்

பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். பிள்ளைகள் எல்லாரும் பலகைக்கு அருகில் தரையில் உட்காரட்டும். கையில் எதுவும் இருக்கக்கூடாது. காலை முதல் பாடவேளையின் தொடக்கம் நல்ல நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் பாதிப் பேர் கண் சொக்கிவிடும்.

முக்கியமான ஏற்பாடு கை தூக்குவதை நிறுத்துவது. “டீச்சர் நான், டீச்சர் நான்” என்று நான்கு கை மேலே போன உடனே மற்ற முப்பது பேரும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக, விடை கிடைத்ததும் நெஞ்சுக்கு நேரே கட்டைவிரலைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியும். சீக்கிரம் முடித்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். அதே கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்த்து, இரண்டாவது வழி கிடைத்தால் இரண்டு விரல் காட்டலாம். வகுப்பில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்களை அடக்க இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது. அவர்கள் மூன்று விரல், நான்கு விரல் என்று தங்களுக்குள்ளேயே போட்டி போட்டுக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? வகுப்பில் முக்கால்வாசிப் பேரின் கட்டைவிரல் தெரியும் வரை. அரை நிமிட மௌனம் வகுப்பறையில் அரை மணி நேரம் போலத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள்: புள்ளி மட்டும்

எடுத்த எடுப்பிலேயே கூட்டலுக்குப் போகாதீர்கள். எண்ணே இல்லாத புள்ளி அட்டையில் தொடங்குங்கள். பழைய நாட்காட்டி அட்டையின் பின்பக்கம் போதும், ஸ்கெட்ச் பேனாவால் பெரிய புள்ளிகள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, நடுப்புள்ளி மட்டும் கிடையாது. மூன்று விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுங்கள். ஒவ்வொன்றாக எண்ண நேரம் கொடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் மறைப்பது.

“எத்தனை?” என்றால் 8 என்பார்கள். “எப்படிப் பார்த்தே?” என்று கேட்கும்போதுதான் வகுப்பு விழிக்கும். ஒருத்தி, மேலே 3, கீழே 3, நடுவில் 2 என்பாள். ஒருவன், நாலு மூலைக்கு 4, நடுப்பக்கங்களில் 4 என்பான். இன்னொருவன், “9 இருக்கணும், ஒண்ணு இல்ல, அதனால 8” என்பான். இந்த மூன்றாவது ஆள் கழித்தலைப் பயன்படுத்தியிருக்கிறான், கழித்தல் என்ற பேச்சே எடுக்காமல். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதே படத்தைப் பலகையில் புதிதாக வரைந்து, அவர் பார்த்த கூட்டங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். பக்கத்தில் 3 + 2 + 3, 4 + 4, 9 − 1 என்று எழுதுங்கள்.

தப்பாகப் போகவே முடியாத அளவுக்கு எளிதான படத்தில் தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விடையில் சண்டை இல்லாதபோதுதான் வழியைப் பற்றிப் பேசப் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும். ‘ஒரே விடைக்குப் பல வழி இருக்கலாம், என் வழியையும் டீச்சர் பலகையில் எழுதுவார்’ என்று நம்பிக்கை வந்த பிறகு எண்ணுக்குப் போகலாம்.

புள்ளி என்றதும் கோலத்தை விடக்கூடாது. இரண்டாம் மூன்றாம் வகுப்புக்கு ஊடுபுள்ளிக் கோலம் அருமையான கணக்கு. நடுவில் 7 புள்ளி, மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைந்துகொண்டே போகும். பலகையில் புள்ளியை மட்டும் வைத்துவிட்டு, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். 4, 5, 6, 7, 6, 5, 4 என்று வரிசையாகக் கூட்டுபவர்கள் இருப்பார்கள். மேல் பக்கம் 15, கீழ்ப் பக்கம் 15, நடுவில் 7 என்பார்கள் சிலர். 4-உம் 6-உம் 10, இன்னொரு 4-உம் 6-உம் 10, 5-உம் 5-உம் 10, மிச்சம் 7, ஆக 37 என்று ஒருத்தி சொல்லும்போது வகுப்பே ‘அட’ என்று பார்க்கும். எல்லா வரிசையிலும் 7 இருந்தால் 49, குறைகிற புள்ளி மேலே 1, 2, 3, கீழே 1, 2, 3, மொத்தம் 12, அதைக் கழித்தால் 37 என்பது அபூர்வமாக வரும். வராவிட்டால் நீங்கள் சொல்லித்தர வேண்டாம். வருடக் கடைசியில் இதே படத்தை மறுபடி போடுங்கள்.

ஒரு கணக்கு, ஒரு வகுப்பு

இப்போது எண்ணுக்கு வருவோம். இரண்டாம் வகுப்புக் கடைசியில் அல்லது மூன்றாம் வகுப்புத் தொடக்கத்தில் 28 + 17 போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் அதைப் படுக்கையாக எழுதுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் கை தானாகவே ஒன்றுகள் பக்கம் போய்விடும், 28 என்ற முழு எண் கண்ணில் படாது.

கட்டைவிரல்கள் தெரிந்த பிறகு, விடைகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். 45, 35, 315. மூன்றையும் ஒரே அளவில், ஒரே முகத்தோடு பலகையின் மூலையில் எழுதுங்கள். 45 வந்ததும் தலை லேசாக ஆடினாலே போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் யாரும் 35-ஐக் காப்பாற்ற வாய் திறக்க மாட்டார்கள்.

“இதுல ஒரு விடைக்கு யாரு பேசுறீங்க? மதுமிதா, நீ எப்படிப் போட்டே?”

“28ஓட 2 சேர்த்தா 30 டீச்சர். அப்புறம் 15. 45.”

“அந்த 2 எங்கிருந்து வந்துச்சு?”

“17ல இருந்து எடுத்தேன்.”

“அப்ப 17 என்ன ஆச்சு?”

“15 ஆயிடுச்சு. அதான் 30ம் 15ம்.”

ஆசிரியர் ஒரு கோடு இழுத்து, 28-லிருந்து 30-க்கு ஒரு சின்னத் தாவல், 30-லிருந்து 45-க்கு ஒரு பெரிய தாவல் என்று வரைகிறார். தாவலின் மேல் +2, +15. பக்கத்தில் மதுமிதா என்று பெயர். அடுத்து கவின்.

“நான் 20ம் 10ம் 30. 8ம் 7ம் 15. ரெண்டையும் சேர்த்தா 45.”

பின்வரிசையில் ஒரு பையன், “எனக்கு வேற வந்துச்சு. 8ம் 7ம் 15, 2ம் 1ம் 3. அதான் 315” என்கிறான். ஆசிரியர் அதையும் கவின் வழிக்குப் பக்கத்திலேயே எழுதுகிறார். தப்பு என்று சொல்லவில்லை. “ரெண்டையும் பாருங்க. எங்க ஒண்ணா இருக்கு, எங்க மாறுது?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெண்: “ரெண்டு பேரும் 15 சொல்லிட்டாங்க. ஆனா அது 3 இல்ல, 30.”

“ஏன் 30?”

“28ல இருக்கிற 2, இருபதுதானே?”

பையன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் விடையை மாத்திக்கறேன் டீச்சர்” என்கிறான். அவன் சொன்ன பிறகுதான் 315-இன் மேல் கோடு விழுகிறது. 35 சொன்ன பிள்ளை, கேட்காமலே, “நான் 15ல 5ஐ மட்டும் வெச்சுக்கிட்டு 10ஐ விட்டுட்டேன்” என்று தானே எழுந்து சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் இடமதிப்பு என்ற வார்த்தையையே உச்சரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இடமதிப்புப் பாடம் நடந்துவிட்டது. 315-ஐ அடித்துவிட்டு ‘கவனமாப் போடு’ என்று நகர்ந்திருந்தால், அந்தப் பையன் அடுத்த வாரம் 36 + 27-க்கு 513 சொல்லியிருப்பான்.

பலகையில் எழுதுவதில் ஒரு எச்சரிக்கை. கவின் சொன்னதை அப்படியே 20 + 10 = 30 + 15 = 45 என்று நீட்டி எழுத நம் கை துடிக்கும். எழுதாதீர்கள். சமக்குறியின் இரு பக்கமும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும், 20 + 10 என்பது 45 இல்லை. ‘சமக்குறி என்றால் விடை வருகிறது என்று அர்த்தம்’ என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றி, ஏழாம் வகுப்பு இயற்கணிதத்தில் வந்து காலை வாரும். வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். 20 + 10 = 30. 8 + 7 = 15. 30 + 15 = 45.

ஒரு நாளைக்கு மூன்று வழி போதும், மிஞ்சினால் நான்கு. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எல்லாரையும் பேச வைக்க நினைத்தால் முதல் பாடவேளை முழுதும் போய்விடும். அதற்குப் பதில், விடைகளை வாங்கும் முன் ஒரு நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் ‘நான் எப்படிப் போட்டேன்’ என்று சொல்லச் சொல்லுங்கள். அப்போது நாற்பது பேரும் ஒரு முறையாவது வாய் திறந்து கணக்கு பேசியிருப்பார்கள்.

எண்களைத் தேர்ந்தெடுப்பது

எந்த வழி வகுப்பில் முளைக்க வேண்டுமோ அதற்குத் தோதான எண்ணைப் போட வேண்டும். 32 + 45 கொடுத்துவிட்டு, மதுமிதா போட்டது போல அடுத்த பத்தை நிரப்பும் வழி ஏன் வரவில்லை என்று காத்திருந்து பயனில்லை. அந்தக் கணக்குக்கு அது தேவையே இல்லை.

முதல் வகுப்பில் பெரும்பாலும் 20-க்குள். இரட்டைகளில் தொடங்குங்கள், 5 + 5, 6 + 6. அடுத்த நாள் 6 + 7. “நேத்து 6ம் 6ம் 12, இன்னிக்கு ஒண்ணு கூட” என்று யாராவது சொல்வார்கள். பிறகு 10-ஐ நிரப்புவது. 9 + 4 கொடுங்கள், 9-க்கு ஒன்று கொடுத்தால் 10, மிச்சம் 3. இதற்கு முன் 10-ஐ உடைக்கத் தெரிந்திருக்க வேண்டும்: 9-உம் 1-உம், 8-உம் 2-உம், 7-உம் 3-உம். புளியங்கொட்டை பத்தை இரண்டு கையில் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் திறந்து காட்டி மற்ற கையில் எத்தனை என்று கேட்பது போதும்.

இரண்டாம் வகுப்பில், தனித்தனிக் கணக்கைவிடக் கோர்வையாகக் கொடுப்பது நல்லது. 8 + 2, 8 + 5, 18 + 5, 28 + 5, 28 + 15. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முந்தையதை அழிக்காமல் விடுங்கள். மூன்றாவது கணக்கிலேயே “டீச்சர், இது மேல இருக்கிறதேதான்” என்று ஒரு குரல் வரும். வராவிட்டால் கோர்வை மிகவும் வேகமாக ஏறிவிட்டது என்று அர்த்தம். அடுத்த நாள் நடுவில் இரண்டு படி சேருங்கள்.

கழித்தலில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். எடுத்துப்போடுவது மட்டுமே கழித்தல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். 52 − 48 கொடுங்கள். 48-ஐ எடுத்துப்போடப் போனவர்கள் பாதி வழியில் திணறுவார்கள். 48-லிருந்து 50-க்கு 2, 50-லிருந்து 52-க்கு 2 என்று ஏறிப் போனவர்கள் உடனே 4 என்பார்கள். மீதிச் சில்லறை தரும் பல கடைக்காரர்கள் செய்வது இதுதான். 37 ரூபாய்ச் சாமானுக்கு 50 ரூபாய் கொடுத்தால், முதலில் 3 ரூபாய் வைத்து ‘40’ என்பார், அப்புறம் ஒரு 10 ரூபாயை வைத்து ‘50’ என்பார். அவர் கழிக்கவே இல்லை. இதை வகுப்பில் நடித்துக் காட்டச் சொல்லுங்கள், கடை வைக்க ஆளுக்குப் பஞ்சமே இருக்காது.

அடுத்து 62 − 29. இது ஒரு பொறி. 29-க்குப் பதில் 30-ஐக் கழித்தால் 32 என்பது வரைக்கும் எல்லாரும் வந்துவிடுவார்கள். அப்புறம்? வகுப்பு இரண்டாகப் பிரியும், ஒரு பக்கம் 31, மறு பக்கம் 33. கூட்டலில் 29-ஐ 30 ஆக்கினால் கடைசியில் 1 குறைத்தோமே, இங்கேயும் குறைக்க வேண்டும்தானே என்பது 31-காரர்களின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை. “உன்கிட்ட 62 ரூபா இருக்கு, கடைக்காரருக்கு 29 தரணும், தெரியாம 30 குடுத்துட்டே. அப்புறம் என்ன செய்வே?” என்று கேட்டால் போதும், ஒரு ரூபாயை வாங்கி எங்கே வைப்பது என்று அவர்களே சொல்வார்கள். சில வகுப்புகளில் இன்னொன்றும் வரும். தாத்தாவுக்கு 62, அம்மாவுக்கு 29. அடுத்த வருடம் 63-உம் 30-உம். வித்தியாசம் மாறுமா? மாறாது என்றால் 63 − 30 போட்டுவிட்டுப் போகலாமே.

52 − 28-க்கு 36 என்ற விடை எப்போதும் வரும். 50-லிருந்து 20 போனால் 30, 8-லிருந்து 2 போனால் 6. சின்னதை எடுத்துப் பெரியதிலிருந்து கழித்துவிடும் பழக்கம். இதே கணக்கில், “2 ரூபாதான் இருக்கு, 8 வேணும், 6 பத்தல. அதனால 30ல இருந்து 6 போகட்டும், 24” என்று சொல்லும் பிள்ளையும் கிடைக்கும். பத்தாதது என்பதையே ஒரு எண்ணாகப் பிடித்துவிட்ட பிள்ளை அது. குறை எண் பாடம் வர இன்னும் வருடங்கள் இருக்கின்றன. பெயர் சொல்லிக் குழப்ப வேண்டாம், பலகையில் அழகாக எழுதிவையுங்கள்.

பெருக்கலுக்கு வாய்ப்பாடு மனப்பாடம் தேவைதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 6 × 7 மறந்துபோன பிள்ளை ‘ஓரேழு ஏழு’ என்று முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஐந்தேழு 35, இன்னொரு 7 சேர்த்தால் 42. 9-ஆம் வாய்ப்பாட்டில் தடுமாறினால் 10 மடங்கிலிருந்து ஒன்றைக் குறைத்தால் போகிறது. 16 × 5-ஐக் கொடுத்துவிட்டு, அதை 8 × 10 ஆக்குபவர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

பேச்சு எந்த மொழியில்

இருபத்தெட்டு என்று சொல்லும்போதே இருபதும் எட்டும் தனியாகக் காதில் விழுகின்றன. மனதில் உடைத்துப் போட இது பெரிய உதவி. ஆங்கில வழிப் பிரிவுகளில் ஃபிஃப்டீனையும் ஃபிஃப்டியையும் மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டும் முன், அதையே தமிழில் ஒரு முறை சொல்லவிட்டுப் பாருங்கள். தமிழிலும் ஓர் இடறல் உண்டு. தொண்ணூறில் நூறு ஒலிப்பதால், தொண்ணூற்றாறு என்றால் நூறைத் தாண்டிவிட்டதாக நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்ச நாள் ‘ஒன்பது பத்து, ஆறு’ என்று சொல்லிப் பழக்கினால் சரியாகிவிடும்.

சொல்ல வேண்டியதும் சொல்லக்கூடாததும்

“சூப்பர்! எல்லாரும் கை தட்டுங்க!” இந்த ஒன்றை மட்டும் இந்தப் பத்து நிமிடத்துக்கு மறந்துவிடுங்கள். கை தட்டியதும் கணக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்தவர் தன் வழியைச் சொல்ல மாட்டார். சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே கேள்விதான்: “எப்படிப் போட்டே?” தவறானதற்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால், ஏன் என்று கேட்டாலே தப்பு என்று பிள்ளை விடையை மாற்றிக்கொள்ளும்.

கைவசம் வைத்துக்கொள்ள நான்கைந்து கேள்வி போதும். வேற மாதிரி யாராவது போட்டீங்களா? அவன் சொன்னதை உன் வார்த்தையில் சொல்லு பார்ப்போம். அந்த 3 எங்கிருந்து வந்தது? இதே வழி 39 + 17-க்கு வேலை செய்யுமா? பிள்ளை நடுவில் திக்கினால், “உதவி வேணுமா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் வேணுமா?” என்று அதன் விருப்பத்துக்கே விடுங்கள். பெரும்பாலும் நேரம்தான் கேட்கும்.

“மனசுல வந்துச்சு” என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் பதில். மடக்க வேண்டாம். “சரி, மனசுல முதல்ல எந்த எண் வந்துச்சு?” என்று கேளுங்கள். “அவ சொன்ன மாதிரிதான்” என்றால், “அதையே நீ சொல்லு.” விரல் விட்டு எண்ணும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். தடுத்தால் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு எண்ணும், அவ்வளவுதான் நடக்கும். பக்கத்துப் பிள்ளை இரண்டே தாவலில் முடிப்பதைத் தினமும் பார்க்கும்போது தானே விரலை விடும்.

ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டு ‘5 போட்டு மனசுல 1’ என்று சொல்லும் பிள்ளையையும் மட்டம் தட்டக் கூடாது. வீட்டில் அக்கா சொல்லிக்கொடுத்திருப்பாள், புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. பலகையில் எழுதிவிட்டு, “மனசுல இருக்கிற அந்த 1, எவ்வளவு?” என்று மட்டும் கேளுங்கள். 10 என்று பதில் வந்தால் அந்த வழியும் நல்ல வழிதான்.

நடைமுறைச் சிக்கல்கள்

ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் ஒன்றிலிருந்து மூன்று வரை மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருக்கும். எண் பேச்சுக்கு அது தடையே இல்லை, ஒரு வகையில் வசதி. 2022 ஜூனில் தொடங்கிய தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறோம். புள்ளி அட்டைக்கும் கோலப் புள்ளிக்கும் அந்தப் பிரிவு தேவையில்லை. அரும்பு எண்ணிப் பார்க்கும், மலர் பெருக்கிப் பார்க்கும், ஒரே படம்.

பெற்றோர், “நோட்டுல ஒண்ணுமே எழுதலையே” என்பார்கள். அவர்கள் கவலை நியாயமானது, நோட்டு ஒன்றுதானே அவர்கள் கண்ணில் படுவது. வாரம் ஒரு நாள், அன்றைய கணக்கில் தனக்குப் பிடித்த வழியை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ அதே கணக்கைக் கேட்டு, அவர்கள் எப்படிப் போட்டார்கள் என்று எழுதிவருவது வீட்டுப்பாடம். காய்கறி விற்கும் பாட்டியின் வழி பலகையில் ஏறும் நாளில் வகுப்பின் முகத்தைப் பாருங்கள்.

முன்னேற்றத்தைக் குறிக்கத் தனிப் படிவம் வேண்டாம். ஒரு நோட்டில் பிள்ளை பெயருக்கு எதிரே, எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணுகிறதா, பெரிய எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணுகிறதா, 10-ஐ நிரப்புகிறதா, பத்துகளாக உடைக்கிறதா என்று மட்டும் தேதியோடு குறியுங்கள். தினம் மூன்று பேர் பேசினால், நாற்பது பேர் வகுப்பில் மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஒரு குறிப்பு வந்துவிடும். யாருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறதோ அவர்தான் நாளை பேச வேண்டியவர். பருவ முடிவில் 99 + 47, 201 − 199, 25 × 4 மூன்றையும் பென்சில் இல்லாமல் தனித்தனியாகக் கேளுங்கள். விடையைவிட, விரல் காற்றில் எழுதுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் வகுப்பில், புள்ளிக் காலம் முடிந்து எண்ணில் கால் வைக்கும் முதல் வாரத்துக்கு இப்படிப் போகலாம். திங்கள் 9 + 4. செவ்வாய் 9 + 6, 19 + 6. புதன் 8 + 5, 18 + 5, 38 + 5. வியாழன் 28 + 15, இதில் தவறான விடைகள் வரும், வரட்டும். வியாழக்கிழமைப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அந்த வழிகளையெல்லாம் பெயரோடு மறுபடி எழுதிவைத்து, 38 + 16-ஐக் கொடுத்து, யாருடைய வழியை எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். தன் சொந்த வழியை எடுக்கக் கூடாது.